வடகடலில் ஒரு பிலிப்பைன்ஸ் பாசி

மாசி மாதத்தில் பரமக்குடியைத் தாண்டி முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் போகிறவர் கண்ணில் முதலில் படுவது மிளகாய். களத்திலும் தார்ப்பாயிலும், இடம் போதாத ஊர்களில் சாலையோரத்திலும் செக்கச்செவேலென்று பரத்திக் காயப்போட்டிருக்கிறார்கள். நீளவாக்கில் இருக்கும் சம்பா மிளகாய் அல்ல இது. கோலிக்குண்டு போல உருண்டு திரண்ட முண்டு மிளகாய். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தை மட்டுமே நம்பி, தை கடைசியில் பறிக்கத் தொடங்கும் மானாவாரிப் பயிர். 2023-இல் இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. இந்த மண்ணுக்கே உரியது என்று அரசாங்கம் முத்திரை குத்தியிருக்கும் இந்தச் செடியின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். போர்ச்சுக்கீசியர் கப்பலேறி வந்த பிறகுதான் இந்தியாவுக்குள் நுழைந்தது.

அதை இந்த ஊர்ச் செடியாக மாற்றிய ஆராய்ச்சி நிலையம் எதுவும் கிடையாது. மழை பொய்த்த ஆண்டிலும் எந்தச் செடி தாக்குப்பிடித்துக் காய்த்ததோ அதன் பழத்தை ஒதுக்கி, அடுத்த பருவத்துக்கு விதையாக எடுத்துவைத்தவர்கள் சம்சாரிகள். தலைமுறை தலைமுறையாக இதே வேலை நடந்தது. வறண்ட காற்றும் நிலையில்லாத மழையும் சேர்ந்து, தாங்காததைக் கழித்துக்கட்டின. செடியைப் புதிய ஊருக்குப் பழக்குவதில் இதைவிட நிதானமான, இதைவிடச் செலவில்லாத முறை இன்னும் வரவில்லை.

இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் வரை சாலை வழியாக ஏறக்குறைய 55 கிலோமீட்டர். பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தவர் இந்தத் தூரத்தை ஒரு தாவரக் கண்காட்சியாகவே பார்த்துக்கொண்டு போகலாம். இங்கே வேர்விட்டிருப்பவற்றில் பாதி, கடல் தாண்டி வந்தவை. சில, தாங்கிப் பிடித்ததால் பிழைத்தன. சில, யாரும் கேட்காமலேயே ஊரை வளைத்துக்கொண்டன. இரண்டுக்கும் நடுவே மண்டபம் கடலில் ஒரு பாசி மிதக்கிறது. இந்தப் பயணமே அதைப் பார்க்கத்தான். ஆனாலும் வழியில் நிற்பவற்றைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டியிருக்கிறது.

நகரத்தை விட்டதும் சாலைக்கு இருபுறமும் கருவை. அரசு ஏடுகளில் சீமைக் கருவேலம். கண்மாய்க்குள், தரிசில், ஒரு காலத்தில் மிளகாய் விளைந்த காட்டில், எங்கும் அதுவே. மெக்சிகோவும் மேற்கிந்தியத் தீவுகளும் தென்னமெரிக்காவும் அதன் தாயகம். 1870-களில் சென்னை மாகாண வனத்துறையில் காப்பாளராக இருந்த பெடோம், விறகுப் பஞ்சத்துக்கு மருந்தாக இதன் விதை வேண்டும் என்று கேட்டு எழுதினார். ஜமைக்காவிலிருந்து வந்த விதை முதலில் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் ஊன்றப்பட்டது. பெரணிகளையும் பாம்புகளையும் பற்றி இன்றும் மதிக்கப்படும் ஆய்வுகளை எழுதிய மனிதர் அவர். கெட்ட எண்ணம் எதுவும் அவருக்கு இல்லை. இந்த மரம் வறண்ட மண்ணில் பிழைக்குமா என்பது அன்று கேட்கப்பட்ட கேள்வி. பிழைத்தது.

பிழைத்ததன் சூட்சுமம் ஆட்டின் வயிற்றில் இருக்கிறது. கருவை நெற்று இனிப்பானது; ஆடும் மாடும் விரும்பித் தின்னும். உள்ளே இருக்கும் விதையின் தோல் கெட்டி. வயிற்றுக்குள் போய்வரும்போது அந்தத் தோல் இளகி, புழுக்கையோடு, உரத்தோடு, புது இடத்தில் விழுந்து முளைக்கிறது. ஆணிவேர் ஆழத்துக்கு இறங்கி ஈரத்தைத் தேடும். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நாலைந்து கிளைகளாகத் துளிர்க்கும். தன் நிழலில் வேறு செடி தலையெடுக்க விடாது. ஆடு மேய்ச்சல் பெரும்பிழைப்பாக இருக்கும் ஒரு மாவட்டத்துக்கு இப்படி ஒரு மரம் வந்துசேர்ந்தால் என்ன நடக்கும் என்பதைச் சன்னல் வழியே பார்த்துக்கொள்ளலாம்.

2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை வேரோடு அகற்றச் சொன்னது. 2022-இல் தமிழக அரசு அயல் தாவரங்களை ஒழிப்பதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. பொக்லைன்கள் வந்தன, போயின. இதற்கிடையே கருவையை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களும் உருவாகிவிட்டன. வெட்டிய கட்டையை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, நாள்கணக்கில் புகையவிட்டுக் கரி எடுக்கும் மூட்டம் இந்த மாவட்டத்தில் பலருக்குச் சோறு போடுகிறது. மழை இல்லாத ஆண்டில் மிளகாய்க்காரரும் மூட்டக்காரராகிவிடுகிறார். மரத்தைத் திட்டிக்கொண்டே வெட்டுகிறார்கள். வெட்டியது மறுபடி வளர்ந்தால் உள்ளூர ஆறுதலும் படுகிறார்கள். இந்த முடிச்சை அவிழ்ப்பதற்குத் தீர்ப்பும் அரசாணையும் மட்டும் போதாது.

உச்சிப்புளி தாண்டி, சாலையிலிருந்து வடக்கே பிரிந்து போனால் அரியமான் கடற்கரை. அங்கே நிற்பது சவுக்குத் தோப்பு. தென்கிழக்காசியாவிலிருந்து ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் வரை கரையோரத்தில் தானாக வளரும் மரம். 19-ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின்களுக்கு விறகு வேண்டித் தமிழ்நாட்டுக் கரைகளில் நட்டுப் பெருக்கினார்கள். இலை போலத் தெரிவது இலையல்ல. பச்சைநிறக் குச்சிகள். உண்மையான இலைகள் கணுக்களில் செதிலாகச் சுருங்கிவிட்டன. அதனால் நீர் அதிகம் ஆவியாவதில்லை. வேர் முடிச்சுகளில் பிராங்கியா என்ற நுண்ணுயிர் குடியிருந்து காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. சத்தில்லாத வெறும் மணலில் மரம் நிற்க அதுவே காரணம். ஆனாலும் சவுக்கு இங்கே தன் காலில் முழுதாக நிற்கப் பழகவில்லை. நாற்றங்காலில் முளைக்கவைத்து, நட்டு, தொடக்கத்தில் தண்ணீர் ஊற்றினால்தான் தோப்பாகிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இதே மரம் கடற்கரைகளை ஆக்கிரமித்துத் தொல்லையாகிவிட்டது. ஒரே மரம், ஓர் ஊரில் தோப்பு, இன்னோர் ஊரில் களை.

மண்டபம் முகாம் என்ற ரயில் நிலையப் பெயர்ப்பலகைக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளிகளைக் கப்பலேற்றுவதற்கு முன் நோய் இருக்கிறதா என்று பார்த்து, தடுப்பூசி போட்டு, சில நாள் தனிமையில் வைத்து அனுப்பிய இடம் இது. முகாமை நடத்தியது இலங்கை அரசு. அதே இடம் பின்னால் எதிர்த்திசைப் பயணத்துக்கும் பயன்பட்டது. 1964-ஆம் ஆண்டு சிறீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியவர்களும், 1983-க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களும் மண்டபத்தைக் கடந்தே உள்ளே போனார்கள். 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் ஒரு காலத்தில் இருந்ததும் இந்த ஊரில்தான். தலைமையகம் 1971-இல் கொச்சிக்குப் போனது, ஒரு மையம் இங்கேயே தங்கிவிட்டது. சற்றுத் தள்ளி, குஜராத்தின் பவநகரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் கடல்பாசி நிலையம். வெளியூர் ஆட்களை நிறுத்திச் சோதித்த ஊர், வெளியூர்ப் பாசி ஒன்றை வரவேற்றது இந்த நிலையத்தின் வழியாக.

பாசியின் பெயர் கப்பாஃபைகஸ் அல்வரெசி. பாசியைச் செடி என்றால் தாவரவியல் படித்தவர்கள் திருத்த வருவார்கள்: வேர் இல்லை, பூ இல்லை, காய் இல்லை. வளர்த்து அறுப்பவர்களுக்கு அந்தக் கவலை கிடையாது. சதைப்பற்றோடு, கிளைகிளையாக, தொட்டால் வழுக்கும் இதிலிருந்து கராஜீனன் என்ற பசைப்பொருள் எடுக்கிறார்கள். ஐஸ்கிரீம் சீக்கிரம் உருகாமல் இருக்க, பற்பசை குழாயிலிருந்து குழைவாக வர, நாய்ப் பூனை உணவு டப்பாவில் கெட்டியாக நிற்க அது வேண்டும். பிலிப்பைன்ஸில் 1960-களின் கடைசியிலும் 70-களின் தொடக்கத்திலும் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் மேக்ஸ்வெல் டோட்டி இதைக் கயிற்றில் கட்டி வளர்க்கும் முறையை உருவாக்கினார். அந்த முயற்சியில் கூட இருந்த விசென்டே அல்வரெஸின் பெயரே பாசிக்கும் வைக்கப்பட்டது.

இந்தியாவுக்கு வந்தது 1984-இல். பிலிப்பைன்ஸில் எடுத்து, ஜப்பானில் பழக்கிய சிறு துண்டு ஒன்று குஜராத்தின் ஓகா துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. உடனே கடலில் விடவில்லை. அங்கேயே வைத்துச் சோதித்து, வளர்த்து, கிள்ளிக் கிள்ளிப் பெருக்கினார்கள். இந்தப் பாசிக்கு வெதுவெதுப்பான நீர் வேண்டும்: 25 முதல் 30 டிகிரி. திறந்த கடலின் உப்புக்கரிப்பு குறையக்கூடாது. வெளிச்சம் வேண்டும், நீரோட்டம் வேண்டும், ஆனால் கிளையை முறிக்கிற அலை ஆகாது. இத்தனையும் ஓரிடத்தில் சேர்ந்து கிடைப்பது அரிது. 1990-களின் நடுவில் மண்டபத்தில் சோதனை தொடங்கியபோது அந்த இடம் அகப்பட்டது. இராமேசுவரம் தீவுக்கு வடக்கே இருக்கும் பாக் விரிகுடாவை இங்கே வடகடல் என்கிறார்கள். தெற்கே மன்னார் வளைகுடா தென்கடல். தென்மேற்குப் பருவத்தில் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் போலக் கிடக்கும். வாடைக்காற்று வந்தால் நிலைமை தலைகீழ். ஆக, ஐப்பசி முதல் மார்கழி வரை நீங்கலாக, வடகடலில் ஆண்டின் பெரும்பகுதி பாசி வளரும்.

அந்த இரண்டு மூன்று மாதத்தில்தான் பழக்குவதன் உண்மையான சிரமம் இருக்கிறது. மழைநீர் கலந்து உப்பு குறைகிறது, சேறு கலங்குகிறது, அலை மிதவையைப் பிய்க்கிறது. பாசிக்கு விதை கிடையாது. ஒரு துண்டு உயிரோடு இருந்தால்தான் அடுத்த பயிர். அதனால் வாடைக்காலம் முழுக்க எங்காவது ஒதுக்கமான இடத்தில் விதைப்பாசியைக் காப்பாற்றி வைத்திருந்து, தை பிறந்ததும் மறுபடி பெருக்க வேண்டும். மிளகாய் விதையைச் சாம்பலில் புரட்டிப் பானையில் போட்டுவைக்கலாம். பாசியை அப்படி வைக்க வழியில்லை.

மாசியில் முனைக்காடு, சம்பை, ஓலைக்குடா போன்ற ஊர்களின் கரையில் காலையில் போய் நின்றால் வேலை முழு வேகத்தில் தெரியும். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டடி மூங்கில் சட்டம் ஒரு மிதவை. அதில் இருபது கயிறு. ஒவ்வொரு கயிற்றிலும் இருபது முடிச்சு. ஒவ்வொரு முடிச்சிலும் கையளவு பாசித்துண்டு, சுமார் 150 கிராம். ஆக 60 கிலோ விதைப்பாசி கட்டிக் கடலில் இறக்கினால், 45 நாளில் 200 கிலோவுக்கு மேல் ஏறியிருக்கும். மிதவையின் அடிப்பக்கம் பழைய மீன்வலை கட்டுகிறார்கள். ஓரா மீனுக்கு இந்த வெளியூர்ப் பாசி மிகவும் பிடித்துவிட்டது. வலை இல்லாவிட்டால் குருத்தையெல்லாம் மேய்ந்துவிடும். ஒரு ஆளுக்கு 45 மிதவை என்பது கணக்கு. நாளொன்றுக்கு ஒரு மிதவையை அறுத்து, மறுபடி கட்டி இறக்கினால் 45-ஆம் நாள் முதல் மிதவை தயாராக இருக்கும். தினக்கூலியின் ஒழுங்கை அப்படியே கடலுக்குள் கொண்டுபோய் வைத்தது போன்ற ஏற்பாடு. யார் யோசித்தார்களோ, கெட்டிக்காரர். அறுத்ததைக் கரையில் விரித்து வெயிலில் உலர்த்துகிறார்கள். பத்துக் கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஒரு கிலோ நிற்கும்.

கட்டுவதும் அறுப்பதும் உலர்த்துவதும் பெரும்பாலும் பெண்கள். பாசி வேலை அவர்களுக்குப் புதிதல்ல. கப்பாஃபைகஸ் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, கையில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, தீவுகளைச் சுற்றி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் கட்டக்கோரையும் பறித்தவர்கள் இவர்களும் இவர்கள் தாய்மார்களும். 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் தேசியப் பூங்காவானதும் அந்தப் பறிப்பு குற்றமாகிவிட்டது. பல ஊர்ப் பெண்கள் கூடிப் பேசி, மாதத்தில் இத்தனை நாள்தான் பறிப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அந்த முயற்சிக்காகப் பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் கலிஃபோர்னியாவின் சீகாலஜி அமைப்பு பரிசு கொடுத்தது. பூங்காவுக்குள் மூழ்குவதற்குப் பதிலாகக் கரையோரத்தில் மிதவை கட்டலாம் என்பது வெளிநாட்டுப் பாசியை ஆதரித்தவர்களின் வலுவான வாதமாக இருந்தது.

2000-ஐ ஒட்டிப் பெப்சி நிறுவனம் ஆராய்ச்சி நிலையத்திடம் தொழில்நுட்பத்தை வாங்கி ஒப்பந்த முறையில் வளர்க்கத் தொடங்கியது. சுய உதவிக் குழுக்களுக்கு வங்கிக் கடன் கிடைத்தது. கரையில் பாசிக்குப் பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது: பெப்சி பாசி. 2008-இல் அந்தத் தொழில் அக்வாஅக்ரி என்ற நிறுவனத்தின் கைக்கு மாறியது. நிறுவனம் போய்விட்டது, பெயர் போகவில்லை. இப்போதும் பெப்சி பாசிதான். 2001-இல் 21 டன்னாக இருந்த உலர்பாசி உற்பத்தி 2013-இல் 1,490 டன்னைத் தொட்டது. ஈரப்பாசியைப் பிழிந்தால் வரும் சாறு பயிர் ஊக்கியாகவும் விற்கிறது. கடலில் வளர்ந்த பிலிப்பைன்ஸ் பாசியின் சாறு வயல்களில் தெளிக்கப்படுகிறது.

பாம்பன் பாலம் ஏறும்போது எல்லோரும் ரயில் பாலத்தைப் பார்க்கிறார்கள். 1914-இல் கட்டிய பழையது ஓய்ந்து, நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலெழும் புதியது 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது, பார்க்க வேண்டியதுதான். ஆனால் தெற்கே திரும்பினால், பாம்பனின் குந்துகால் கரைக்கு எதிரே ஒரு பச்சைத் திட்டு. குருசடைத் தீவு. பவளப்பாறைகளும் அரிய கடலுயிர்களும் சூழ்ந்த இந்தத் தீவு, கடல் உயிரியல் படித்த பல தலைமுறைகளுக்கு வகுப்பறையாக இருந்தது.

பெப்சி பாசி வேலி தாண்டியது இங்கேதான். அலையில் முறிந்த துண்டுகள் மிதந்து வந்து உயிருள்ள பவளத்தின்மேல் ஒட்டி, படர்ந்து, மூடத் தொடங்கியிருப்பதை மதுரை ஆய்வாளர்கள் 2008-இல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். பவளத்துக்குள் வாழும் நுண்பாசிக்கு வெளிச்சம் வேண்டும். அது தடைபட்டால் பவளம் செத்துவிடும். பாசியை அறிமுகப்படுத்திய விஞ்ஞானிகள் தரப்போ, பரவல் சிறு பகுதிதான், கட்டுக்குள் இருக்கிறது என்றது. சர்ச்சை பல ஆண்டு நீடித்தது. வனத்துறை ஆட்களை இறக்கிக் கையால் பிடுங்க வைத்தது. பிடுங்கும்போது ஒரு விரற்கடைத் துண்டு மிச்சமிருந்தாலும் மறுபடி வளரும் என்பதால் அது முடிவில்லாத வேலை. அதற்கு முன்பே, 2005 டிசம்பரில், பாக் விரிகுடாவின் வடபகுதியிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டுமே இதை வளர்க்கலாம் என்று தமிழக அரசு எல்லை வகுத்திருந்தது. கடல் நீரோட்டத்துக்கு அரசாணை படிக்கத் தெரியாது என்பது வேறு விஷயம்.

இத்தனைக்கும் ஹவாயில் நடந்தது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. அங்கே கனியோஹே விரிகுடாவில் 1974-இல் இந்தப் பாசியைக் கொண்டுவந்து விட்டவர் வேறு யாருமல்ல, வளர்ப்பு முறையைக் கண்டுபிடித்த அதே டோட்டி. ஆழமான கால்வாய்களைத் தாண்டி இது பரவாது என்று முதலில் நம்பினார்கள். 1990-களின் இறுதியில் பார்த்தபோது தாண்டியிருந்தது. பிறகு கடலடியில் உறிஞ்சும் பெரிய எந்திரம் ஒன்றைப் படகில் ஏற்றி, முக்குளிப்பவர்கள் பாசியைப் பிய்த்து அதற்குள் ஊட்டினார்கள். மிச்சத்தை மேய்ந்து தீர்க்க உள்ளூர்க் கடல்முள்ளெலிகளைப் பண்ணையில் வளர்த்துக் கடலில் விட்டார்கள். ஓகாவில் பாசியைத் தனிமையில் வைத்து, அது பிழைக்குமா, நோய் கொண்டுவருமா என்று பொறுமையாகப் பார்த்த கவனத்தில் பாதியையாவது, பிழைத்தால் எங்கெல்லாம் போகும் என்பதில் காட்டியிருக்கலாம். பெடோமின் கருவையிலும் விடுபட்டது இந்தக் கேள்வியே.

ஆனால் கதை ஆக்கிரமிப்போடு முடிந்திருந்தால் எளிது. 2013-க்குப் பிறகு நடந்தது எதிர்த்திசையில். கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறியது. மிதவைகளில் பாசி வெளுத்து, நுனி கூழாகி உதிர்ந்தது; உற்பத்தி படுத்துவிட்டது. ஒரு கரையில் பவளத்தை மூடும் முரட்டுப்பாசி, இன்னொரு கரையில் வெயில் தாங்காமல் சாகிறது. முரண்போலத் தோன்றினாலும் காரணம் விளங்காததல்ல. இந்தியாவில் வளர்ந்த அத்தனை பெப்சி பாசியும் 1984-இல் வந்த அந்த ஒரு துண்டின் கிள்ளுகளே. மிளகாயில் விதைக்கு விதை வேறுபாடு உண்டு. கெட்ட ஆண்டில் ஒன்று செத்தால் ஒன்று நிற்கும், நின்றதிலிருந்து விதை எடுக்கலாம். கிள்ளிக் கட்டும் பயிரில் அந்தத் தேர்வுக்கு இடமில்லை. முப்பது ஆண்டு ஊறிக் கிடந்தும் பாசி வடகடலுக்குப் பழகியது என்று சொல்ல முடியாது. வடகடல் அதற்கு ஒத்துழைத்த வரை வளர்ந்தது.

இராமேசுவரத்தில் கோயில் கூட்டத்தைக் கடந்து தனுஷ்கோடி சாலையைப் பிடித்தால், கட்டடங்கள் மறைந்து, மணலும் இரண்டு பக்கக் கடலும். வழியில் குடை விரித்தது போல நிற்கும் முள்மரங்கள் உடை மரங்கள். இந்தக் கரைக்கே உரியவை, எங்கிருந்தும் வராதவை. கருவைக்கு முன்னால் ஆட்டுக்கு நெற்று கொடுத்தவை இவை. 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் அழிந்த ஊரின் இடிபாடுகளைத் தாண்டி அரிச்சல்முனை வரை இப்போது தார்ச்சாலை. அங்கிருந்து இலங்கையின் தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்.

இந்த நீர்ப்பரப்பு வழியே மனிதர்களும் செடிகளும் மட்டுமல்ல, செடியைத் தின்னும் பூச்சியும் பயணம் செய்திருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்து தென்தமிழகத் தரிசுகளை முள்காடாக்கிய சப்பாத்திக்கள்ளியை அடக்க 1926-இல் இலங்கையிலிருந்து மாவுப்பூச்சி போன்ற ஒரு செதில் பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். வெள்ளைப் பஞ்சு போலப் படிந்து சாறை உறிஞ்சி, சில ஆண்டுகளில் பெரும்பரப்பில் கள்ளியைத் தீர்த்துக்கட்டியது. கருவைக்கும் அப்படி ஒன்று கிடைக்காதா என்று கேட்காத விவசாயி இல்லை. கிடைத்தாலும், பூச்சி கருவையோடு நின்றுகொள்ளுமா என்று முதலில் பார்க்க வேண்டும். சப்பாத்தியில் அது நின்றது அதிர்ஷ்டமும் கூட.

எதிர்க்கரையில், மன்னார் நகரத்தை ஒட்டிய பள்ளிமுனையில், தமிழர் பெருக்க மரம் என்று சொல்லும் ஆப்பிரிக்க பாவோபாப் ஒன்று நிற்கிறது. உயரம் ஏழரை மீட்டர்தான். சுற்றளவு பத்தொன்பதரை மீட்டர். அரபு வணிகர் 1477-இல் நட்டது என்பது ஊர் வழக்கு. 2015-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, இந்தியத் துணைக்கண்டத்து பாவோபாப்கள் ஒரே தடவையில் வந்தவை அல்ல, பல நூற்றாண்டுகளில் பல தடவை, ஆப்பிரிக்காவின் பல பகுதிகளிலிருந்து வந்தவை என்று கண்டது. மன்னாரின் நீண்ட வறட்சி இந்த மரத்துக்குப் புதிதல்ல. வெயில் மாதங்களில் இலையை உதிர்த்துவிட்டு, அடிமரத்தில் தேக்கிய நீரில் காலம் தள்ளும்.

அப்படியிருந்தும் அது காடாகவில்லை. ஆப்பிரிக்காவில் அதன் பழத்தைத் தின்று விதையைத் தூரத்துக்குக் கொண்டுபோவது யானையும் பபூன் குரங்கும். மன்னார்த் தீவில் அவை இல்லை. கடல் தாண்டிக் கருவை வந்தபோது இங்கே ஆடு காத்திருந்தது. பாவோபாப் வந்தபோது யாரும் காத்திருக்கவில்லை. மண்ணையும் மழையையும் பொருத்திப் பார்க்கிற எந்தப் பட்டியலும் இந்த வேறுபாட்டை முன்கூட்டிச் சொல்லியிருக்காது.

திரும்பும் வழியில் மறுபடி மண்டபம், மறுபடி பாசி. இந்த மாவட்டத்து வளமாவூரில் பல்நோக்குக் கடல்பாசிப் பூங்கா அமைக்க 127 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி ஒன்றிய அரசு அடிக்கல் நாட்டியிருக்கிறது. நல்ல விதைப்பாசிக்கு அங்கே வழி பிறக்க வேண்டும் என்பது கரையோர எதிர்பார்ப்பு. மண்டபம் நிலையத்தின் விஞ்ஞானிகள் திசு வளர்ப்பில் விதைப்பாசி உருவாக்கும் வேலையில் இருக்கிறார்கள். அதோடு நிற்காமல், கப்பாஃபைகஸின் விதைத்தரம் குன்றிவிட்டது என்பதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டு, வெளிநாட்டிலிருந்து உயிர்ப்பாசியை இறக்குமதி செய்வதற்கான விதிமுறைகளை மீன்வளத்துறை 2024-இல் வெளியிட்டது. தனிமைப்படுத்தல், நோய்ப் பரிசோதனை, பின்னாளில் கண்காணிப்பு எல்லாம் அதில் உண்டு. அதற்கான தேசியக் குழு ஒப்புதல் கொடுத்துவிட்டால் நான்கு வாரத்தில் இறக்குமதி அனுமதி கிடைத்துவிடும். முதல் துண்டு ஓகாவில் இறங்கியதற்கும் மண்டபம் கடலைப் பார்த்ததற்கும் நடுவே பத்தாண்டுக்கு மேல் கழிந்திருந்தது.